நித்தியகல்யாணி: சுடுகாட்டில் பூத்த மருந்து

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில், கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசிக்கு நடுவே, மணலில் இளஞ்சிவப்பாக ஒரு பூ பூத்திருக்கும். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. உப்புக்காற்று, வெயில், குப்பை என எதற்கும் அசராது. ஆடுகூட அதில் வாய் வைக்காது. இலை அவ்வளவு கசப்பு. அதுதான் நித்தியகல்யாணி.

வருடம் முழுக்கப் பூப்பதால் இந்தப் பெயர். கல்லறைகளின் ஓரத்திலும் தானாக முளைப்பதால் சுடுகாட்டுமல்லி என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது பட்டிப்பூ. ஒரே செடிக்குக் கல்யாணமும் சுடுகாடும் பெயராக வாய்த்தது வேடிக்கைதான்!

சொந்த ஊர் மடகாஸ்கர். தாவரவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். வின்கா ரோசியா என்பது பழைய பெயர். அரளியும் எருக்கும் இதன் குடும்பத்தார்தான். அந்தக் குடும்பத்தின் குணம் தெரிந்தவர்களுக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை மணி அடித்திருக்கும். முழங்கால் உயரம், சில சமயம் இடுப்பு உயரம் வளரும். எதிரெதிராகப் பளபளப்பான இலைகள், ஐந்து இதழ்ப் பூ, இரட்டையாகக் காய், உள்ளே கறுப்பாகப் பொடி விதைகள்.

"பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சுகர் இறங்கும்" என்று சொல்லாத தெரு இல்லை. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. ஜமைக்காவிலும் இதே கஷாயம்தான். 1952-இல் அங்கிருந்து ஒரு நோயாளி, கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபிளுக்கு இந்த இலைகளைத் தபாலில் அனுப்பினார். இன்சுலினைக் கண்டுபிடித்த டொரண்டோ குழுவோடு வேலை செய்தவர் அவர். இலைகள் அவருடைய தம்பி ராபர்ட் நோபிளின் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். சில நாளில் எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின! ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன.

வேறு யாராவதாக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். வெள்ளையணு தாறுமாறாகப் பெருகுவதுதானே ரத்தப்புற்றுநோய் என்று இவர்கள் யோசித்தார்கள். சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் சேர்ந்துகொள்ள, 1958-இல் வின்பிளாஸ்டின் வெளியுலகுக்கு வந்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனமும் தனியாக இதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963-இல் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் இந்த மருந்துகள் தடுத்துவிடும். பிரிய முடியாத செல் செத்துவிடும். ஒரு காலத்தில் ரத்தப்புற்று வந்த குழந்தை பிழைப்பதே அபூர்வம். இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. அந்தக் கூட்டு மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று.

சரி, அப்படியானால் இலையை மென்றால் என்ன? அதில்தான் ஆபத்து. புற்றுசெல் மட்டுமல்ல, எலும்பு மஜ்ஜை, நரம்பு எல்லாவற்றையும் இது தாக்கும். மருத்துவமனையில் உடம்பின் அளவைக் கணக்கிட்டு மில்லிகிராமில், நரம்பு வழியாக மட்டுமே ஏற்றுவார்கள். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் ஏற்றினால் பெரும்பாலும் உயிரே போய்விடும். கைப்பிடி இலையில் எவ்வளவு மருந்து, எவ்வளவு விஷம் என்று எந்தக் கஷாயக்காரருக்கும் தெரியாது. சர்க்கரை குறைவதாகப் பின்னாளில் சில விலங்கு ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் மனிதருக்கான சர்க்கரை மருந்தாக அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து, கூடவே கஷாயமும் குடிப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. போதாததற்கு, எண்ணூர் பக்கத்து மண்ணில் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு கலந்திருக்கிறது. சாம்பலில் கன உலோகங்கள் உண்டு. அங்கே வளரும் இலையில் அவையும் ஏறலாம்.

இன்னொரு கணக்கு: 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கக் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும். அதற்காகவே தென்மாவட்டங்களில் இதை மானாவாரிப் பயிராக வளர்க்கிறார்கள். 2022-இல் ஈஸ்டை வைத்தே இதன் மூலப்பொருள்களைத் தயாரித்துக் காட்டினார்கள் விஞ்ஞானிகள். அதற்காக அவர்கள் அந்த ஈஸ்டுக்குள் செய்த மரபணு மாற்றங்கள் ஐம்பதுக்கும் மேல். எண்ணூர் சாலையோரச் செடி அதே வேலையை வெறும் மணலில் நின்றுகொண்டே செய்துகொண்டிருக்கிறது.