தசைக்குத் தள்ளத் தெரியாது



தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். சுவரைத் தள்ளுகிறோம் என்று நாம் எண்ணும்போதும், உள்ளே ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவேதான் அல்லாஹ் அவற்றை இணை இணையாக அமைத்திருக்கிறான். மேற்கையின் முன்தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். அவ்வேளையில் பின்தசை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். கையை நீட்டும்போது முறை மாறும்.

இச்சுருக்கத்தின் இரகசியம் 1954ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒருபுறம், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் மறுபுறம், 'நேச்சர்' இதழில் ஒரே முடிவை வெளியிட்டனர்: தசையிலுள்ள இழைகள் குறுகுவதில்லை, ஒன்றினூடே ஒன்று வழுக்கிச் செல்கின்றன. மயோசின் இழையின் நுண்ணிய தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மீண்டும் பற்றுகின்றன. அதே ஆண்டு, அதே இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் அமைப்பை எழுதினர். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் பெரும்பாலும் அப்புரதத்தால் ஆனது. நம் பிள்ளைகளுக்கு இதை இன்னும் உரக்கச் சொல்லலாம்.

பற்றியதை விடுவதற்கும் ஆற்றல் செலவாகிறது என்பதே நம்மை வியக்க வைத்தது. ஏ.டி.பி. என்னும் எரிபொருள் வந்து சேர்ந்தால்தான் மயோசின் தன் பிடியை விடும். உயிர் பிரிந்தபின் அது தீர்ந்துவிடுகிறது. சில மணி நேரத்தில் உடல் விறைக்கிறது. மய்யித்தின் தாடையைக் கட்டி, மூட்டுகளைத் தாமதமின்றி மெல்ல மடக்கி நீட்டுமாறு நம் பெரியவர்கள் சொல்வதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

நம் குடும்பத்துப் பையன் ஒருவன், வயது இருபத்திரண்டு, தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஓர் ஆலையில் புதிதாகச் சேர்ந்தான். உயரத்திலிருந்து பெட்டிகளை இறக்கி, குந்தித் தரையில் அடுக்கும் வேலை. இரண்டாம் நாள் அவனால் ஸஜ்தாவுக்குக் குனிய முடியவில்லை. பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழுதபோது, "இந்த வயதிலா?" என்றார் ஒருவர். அதன்பின் அவன் ஜமாஅத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

இது சோம்பல் அன்று. பாரத்தைத் தாங்கியபடியே நீளும் தசைதான் மிகுதியாக நோகும். பெட்டியை இறக்கும்போதும், உடலைத் தாழ்த்தும்போதும் தொடையின் முன்தசை அவ்வாறே நீள்கிறது. பழகாத தசையில் வலி உடனே தெரிவதில்லை. ஓரிரு நாள் கழித்து உச்சத்தைத் தொட்டு, பின் தானே தணியும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் காட்டிய வழி புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் வயது வரம்பு ஏதும் இல்லை.

இதை அந்தப் பெரியவரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. மறுவெள்ளி ஜும்ஆவுக்கு முன், பின் வரிசையில் ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். பையன் அன்று வந்திருந்தான். வலி தணிந்திருந்ததால் தரையிலேயே தொழுதான். எழும்போது மட்டும் அந்த நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டான்.