அப்பத்தாவின் நிழற்கணக்கு

அந்தமானின் தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் அங்குள்ள தமிழ் வீடுகளில் அது இன்னும் போர்ட் பிளேர்தான். அத்தகைய வீடு ஒன்றில், இராமநாதபுரத்திலிருந்து வந்து தங்கிய அப்பத்தா, பேரன் குடை எடுப்பதைக் கண்டால் சிரிப்பார். "எங்கள் ஊர் வெயிலைப் பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா, அய்யா?" என்பார்.

அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. கடற்காற்று வீசும் அந்நகரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஆனால் தோலைப் புண்படுத்துவது வெப்பமன்று, புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குப் புலப்படாது. உடலுக்குச் சூடாகவும் தோன்றாது. மெல்லிய மேகத்தை ஊடுருவும். மணலிலும் அலைநுரையிலும் பட்டுத் திரும்பும். மூட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் விளையாடித் திரும்பிய பேரன், அன்று மாலை சட்டை தோளில் உரசினாலே துடித்தான். அப்பத்தா அன்று சிரிக்கவில்லை. ஈரத்துணியை மாற்றி மாற்றித் தோளில் இட்டார்.

"உச்சிக்கு முன்பே, பதினொன்றரைக்கே வீடு திரும்பிவிட்டானே!" என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

பிழை கடிகாரத்தில் இருந்தது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேரோ ஏறத்தாழ 92.7 டிகிரியில் உள்ளது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே அங்கே கதிரவன் ஏறத்தாழ 41 நிமிடம் முந்திக்கொள்கிறான்; சற்று முன்பின்னாக 11.20-க்கே உச்சிக்கு வந்துவிடுகிறான். ஏப்ரல் 20, ஆகஸ்டு 22 ஆகிய நாள்களை ஒட்டி அந்நேரத்தில் நட்ட கோலுக்கு நிழலே இராது. பத்து மணிக்குமேல் வெயில் ஆகாது எனும் அறிவுரை அங்கே ஒன்பதே காலுக்கே பொருந்தும். பேரன் விளையாடியது உச்சி வெயிலில்தான்.

கடிகாரத்தை நம்பாமலும் இதை அறியலாம். ஒருவருடைய நிழல் அவர் உயரத்தைவிடக் குறுகினால் கதிர் கடுமையாகிவிட்டது என்று பொருள். இதைக் கேட்டதும் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சிறுமியாய் இருந்த ஊரில் கடிகாரம் ஏது? காலடியால் நிழலை அளந்தே பொழுது சொல்வார்களாம். ஒருவர் உயரம் அவருடைய காலடியில் ஏறத்தாழ ஆறரை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பேரன் பந்தை எடுத்தால், "நிழல் எத்தனை அடி?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அவன் முற்றத்தில் அளந்து, "ஐந்து, அப்பத்தா" என்கிறான். உடனே தொப்பி வந்து தலையில் ஏறுகிறது.