ஆறு ஆறுகள், ஆறு விகுதிகள்

தஞ்சையிலிருந்து அரியலூர்ச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்தையும் கடந்து திருவையாற்றை அடைவர். அதற்கப்பால் ஆறாவதாகக் கொள்ளிடம். பெயர்கள் ஆறாயினும் நீர் ஒன்றே. எல்லாம் காவிரியின் கிளைகளே. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலம் அமைந்துள்ளது.

சம்பா நடவு முடிந்த ஐப்பசி நாளொன்றில் அவ்வழியே சென்றோம். எங்கள் பங்கில் பிறந்து துறவறம் பூண்ட அருட்சகோதரி ஒருவர், பெரு நாட்டில் செவிலியர் பணிக்கு அனுப்பப்படவிருந்தார். புறப்படுமுன் அன்னையின் பாதம் பணியத் தம் தாயாருடன் வந்தார். வயல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர் அத்தாயார். சகோதரியின் மடியில் ஸ்பானிய மொழிப் பாடநூல் விரிந்திருந்தது.

"வினைச்சொற்கள் மனத்தில் நிற்கவில்லை, ஃபாதர். நோயாளியின் மொழி தெரியாமல் அங்கே போய் நான் என்ன செய்வேன்?" என்றார்.

குருமடத்தில் இலத்தீன் பயின்றோர்க்கு அதன் மகளாகிய ஸ்பானியம் முற்றும் அந்நியமன்று. எனவே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். 'அமார்' என்றால் அன்பு செய்தல். ஈற்றிலுள்ள 'ஆர்' நீங்க, 'அம்' என்னும் பகுதி நிற்கும். அதனோடு விகுதிகள் சேரும்:

அமோ – அன்பு செய்கிறேன்
அமாஸ் – அன்பு செய்கிறாய்
அமா – அன்பு செய்கிறான், செய்கிறாள்
அமாமோஸ் – அன்பு செய்கிறோம்
அமாயிஸ் – அன்பு செய்கிறீர்கள்
அமான் – அன்பு செய்கிறார்கள்

இவ்வாறும் நாவில் ஏறிவிட்டால், 'ஆர்' என முடியும் ஒழுங்கான வினைகள் யாவும் நிகழ்காலத்தில் இவ்வழியே நடக்கும். 'அப்லார்' (பேசுதல்) 'அப்லோ' ஆகும். 'கூரார்' (குணமாக்குதல்) 'கூரோ' ஆகும். தமிழைப் போலவே அங்கும் 'நான்', 'நீ' என்று கூறாமலே விகுதி ஆளைக் காட்டிவிடும். நாமோ இடையில் 'கிறு' வைத்து நிகழ்காலம் உணர்த்துகிறோம். அவர்களுக்கு அது வேண்டுவதில்லை. பெரு நாட்டில் ஐந்தாம் வடிவம் பேச்சு வழக்கில் இல்லை. பலரை 'உஸ்தேதெஸ்' என விளித்து ஆறாம் வடிவத்தையே சேர்ப்பர். மரியாதைக்குரிய ஒருவரை 'உஸ்தேத்' என்று கூறி, மூன்றாம் வடிவத்தைச் சேர்ப்பர். முதிய நோயாளிகளிடம் பேசுவோர் இதை மறத்தலாகாது.

திருத்தலத்தை அடைந்ததும் வீரமாமுனிவரை நினைத்தோம். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளார், முப்பது வயதளவில் தமிழகம் வந்து, நம் மொழியை முதலெழுத்திலிருந்து கற்றவர். ஏலாக்குறிச்சியில் நெடுநாள் பணிபுரிந்தவர். பின்வரும் குருக்கள் மக்களின் பேச்சுத் தமிழை அறியுமாறு, 1728-இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் இயற்றினார். லூத்தரன் சபையாரைக் கடுமையாக மறுத்து எழுதியவர் அவர். ஆயினும் அந்நூலை 1738-இல் அச்சேற்றியது தரங்கம்பாடி லூத்தரன் அச்சகமே! மொழி கற்கும் தேவை இரு சாராருக்கும் பொதுவாயிற்று.

செபம் முடிந்தபின் தாயார் என்னிடம் மெல்லக் கேட்டார்: "சாமி, அங்க எம்புள்ள யாருகிட்டத் தமிழு பேசும்?"

'பேசுவாள்' என்னாது 'பேசும்' என்றார். உவகையினால் உயர்திணையை அஃறிணையாகக் கூறுவதைத் திணை வழுவமைதி என்பர் நம் இலக்கணத்தார். ஸ்பானிய விகுதி ஆறனுள் அதற்கு இடமில்லை. சகோதரி நூலை மூடிவிட்டுத் தாயின் கையைப் பற்றிக்கொண்டார்.

"கைப்பேசியில் உங்களிடம் பேசும், அம்மா" என்றேன்.

வாசகர்களே, வீரமாமுனிவருக்குத் தமிழ் வாய்த்தது நம் மக்களின் நாவிலிருந்தே. தடுமாறிப் பேசும் அந்நியரை நகையாது திருத்துவோர் பெருவிலும் இச்சகோதரிக்குக் கிட்டுமாறு மன்றாடுவோம். இன்று நம் வயல்களில் நாற்று நட வரும் வடமாநிலத் தொழிலாளரும் நம் மொழியில் தடுமாறுகின்றனர். அவர்களுக்கு 'வருகிறேன்', 'வருகிறாய்' என்று பொறுமையோடு சொல்லிக் கொடுப்பதும் பிறரன்புப் பணியே.