எந்த வண்டி வரும்?

போன நவம்பர், ராத்திரி ரெண்டு மணி. சின்னவனுக்கு மூச்சு இழுத்தது. 911-ஐக் கூப்பிட்டோம். பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. விடிந்ததும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

ஆறு வாரம் கழித்து பில்கள் வந்தன. எமர்ஜென்சி டாக்டர் எங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இல்லையாம். 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ அமலில் இருக்கிறது. அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க் கணக்குக்கு மேல் நம்மிடம் கேட்கக் கூடாது. போன் போட்டுச் சொன்னேன், குறைத்தார்கள்.

ஆம்புலன்ஸ் பில்தான் மாட்டிக்கொண்டது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தும், ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது! (பில்லைப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது.) இன்சூரன்ஸ் கொடுத்தது போக 1,400 டாலர் எங்கள் தலையில். 911-ஐக் கூப்பிட்டால் எந்த வண்டி வரும் என்று நாமா முடிவு பண்றோம்?

“அடுத்த தடவை நானே கார்ல கூட்டிட்டுப் போயிடறேன்” என்றார் கணவர்.

“வழியில மூச்சு நின்னா? ஸ்டியரிங்கைப் பிடிப்பீங்களா, பிள்ளையைப் பிடிப்பீங்களா?”

பதில் இல்லை. பில்லிங் ஆபீஸில் கெஞ்சிப் பேசி, மாதம் 100 டாலர் தவணையில் கட்டுகிறோம். மறுபடியும் 911-தான் என்று அவரிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். ஆனால் போனை எடுக்கும்போது அந்த 1,400 ஒரு நொடி கண்முன் வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.