உருவாக்குவதா, வாங்குவதா?

ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். வயது பதினைந்து. ஊர் காசில்ஃபோர்டு, வடக்கு இங்கிலாந்தில். அப்பா, தாத்தா எல்லோரும் ஒரே கிளப்பின் ரசிகர்கள். பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு மழை, பனி பார்க்காமல் பயிற்சிக்கு ஓடுகிறான். அடுத்த வருடம் ஊர் கிளப்பின் அகாடமியில் சேர வேண்டும். அவனுக்கு இருக்கிற ஒரே திட்டம் அதுதான்.

2021 மே மாதம் ஒரு அறிவிப்பு வருகிறது. அடுத்த வருடத்திலிருந்து அந்த கிளப்புக்கு அகாடமி நடத்த லைசென்ஸ் கிடையாது!

பையன் கற்பனை. அறிவிப்பு நிஜம்.

விளையாட்டின் பெயர் ரக்பி லீக். "அட, ரக்பியா, தெரியுமே" என்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டீமுக்கு பதினைந்து பேர் ஆடுவது ரக்பி யூனியன். பதின்மூன்று பேர் ஆடுவது ரக்பி லீக். இரண்டும் பிரிந்ததற்குக் காரணம் பணம்தான். வடக்கு இங்கிலாந்தில் ஆடியவர்கள் பெரும்பாலும் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். மேட்ச்சுக்காக லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கு கிளப்கள் கேட்டன. தெற்கில் அதிகாரத்தில் இருந்தவர்கள் முடியாது என்றார்கள். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, வடக்கு கிளப்கள் தனியாகப் பிரிந்துவிட்டன. அதாவது, தொழிலாளி வீட்டுப் பையன் விளையாட வேண்டுமானால் செலவை யார் ஏற்பது என்ற சண்டையில் பிறந்த விளையாட்டு இது. நூற்றி இருபத்தாறு வருடம் கழித்து, 2021ல் நடந்த சண்டையும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

அகாடமி என்றால் என்ன? பதினாறு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பையன்களை எடுத்து, பயிற்சி, உடற்பயிற்சி, மருத்துவம், படிப்பு எல்லாம் பார்த்துக்கொண்டு, அதில் தேறுகிறவர்களை சீனியர் டீமுக்கு அனுப்புகிற ஏற்பாடு. தொழில்முறை கிளப் ஒவ்வொன்றுக்கும் இது நாற்றங்கால் மாதிரி. இங்கிலாந்தில் இதை முதல் தரமாக நடத்த, விளையாட்டை நிர்வகிக்கும் ரக்பி ஃபுட்பால் லீக் என்ற அமைப்பிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 2022 முதல் 2027 வரைக்கான லைசென்ஸை முடிவு செய்தபோதுதான் வெடித்தது பிரச்சனை. லீட்ஸ், விகன், செயின்ட் ஹெலன்ஸ், வாரிங்டன் போன்ற பெரிய கிளப்களுக்குக் கிடைத்தது. லண்டனுக்கும் நியூகாசிலுக்கும் கூட கிடைத்தது. ஆனால் காசில்ஃபோர்டு டைகர்ஸ், பிராட்ஃபோர்டு புல்ஸ், ஹல் கேஆர் மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தது.

கேட்டதும் கோபம் வருகிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். மறுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் தீர்ப்பு சொன்னால் டீக்கடை பேச்சாகிவிடும்.

முதல் நியாயம், பையன்களின் எண்ணிக்கை. இங்கிலாந்தின் ரக்பி லீக் கிளப்களில் பெரும்பாலானவை லிவர்பூலுக்கும் ஹல்லுக்கும் இடையே ஓடும் எம்62 நெடுஞ்சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. காசில்ஃபோர்டிலிருந்து வேக்ஃபீல்டுக்கும் லீட்ஸுக்கும் காரில் அரை மணி நேரம்தான். ஒரே குளத்தில் எல்லோரும் தூண்டில் போட்டால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, ஒரு வட்டாரத்தில் நிஜமாகவே திறமையுள்ள பையன்கள் அறுபது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அகாடமி இருந்தால் ஆளுக்கு இருபது. ஆறு அகாடமி இருந்தால் ஆளுக்குப் பத்து. மீதி இடத்தை ஒப்புக்கு ஆள் பிடித்து நிரப்ப வேண்டும். போட்டியின் தரம் இறங்கும்.

இரண்டாவது நியாயம், ஒப்புக்குப் பிடித்த அந்தப் பையன்களின் கதி. பதினாறு வயதில் கிளப் சட்டையைப் போட்டுவிட்டு, பத்தொன்பதில் "நன்றி, போய் வா" என்று அனுப்பப்பட்டவன் பல நேரம் தன் பழைய தெரு கிளப்புக்குத் திரும்புவதில்லை. வெட்கம், வெறுப்பு. விளையாட்டையே விட்டுவிடுகிறான். இதனால் கீழே இருக்கும் அமெச்சூர் கிளப்கள் காலியாகின்றன.

மூன்றாவது, காசு. 2020ல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. ரக்பி லீக்கைக் காப்பாற்ற அரசாங்கம் 1.6 கோடி பவுண்ட் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 முதலான டிவி ஒப்பந்தமும் முன்பை விடக் குறைந்த தொகைக்குத்தான் போனது. கையில் காசு குறையும்போது, இருப்பதை நல்லா நடத்துகிற சில இடங்களுக்கு மட்டும் கொடுப்போம் என்று நினைப்பது தப்பில்லை.

சரி, இவ்வளவு நியாயம் இருந்தும் அந்த முடிவு ஏன் உறுத்துகிறது?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு கணக்கு வரும். மேக் ஆர் பை. ஒரு பாகத்தை நம் ஃபேக்டரியிலேயே செய்வதா, வெளியில் வாங்குவதா? செய்ய ஆகும் செலவு இவ்வளவு, வாங்கும் விலை இவ்வளவு, எது குறைவோ அதைத் தேர்ந்தெடு. பரீட்சையில் எட்டு மார்க். அந்தக் கணக்கில் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. வாங்குவதற்குக் கையில் காசு இருக்க வேண்டும்! காசில்லாதவனுக்கு "மேக்" மட்டும்தான் வழி. அவனிடம் போய் "நீ தயாரிக்கக் கூடாது" என்றால், "நீ கடையை மூடு" என்று நேராகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிராட்ஃபோர்டு புல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1997, 2001, 2003, 2005 என நாலு முறை சூப்பர் லீக் பட்டம் வென்ற டீம். அப்புறம் சரிவு. 2012ல் திவால் நடவடிக்கை. 2014ல் மறுபடி அதே கதை, ஆறு புள்ளி பறிப்பு, அந்த வருடமே சூப்பர் லீக்கிலிருந்து வெளியே. 2017 ஜனவரியில் பழைய கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். புதிதாக ஆரம்பித்தவர்கள் அந்த சீசனைப் பன்னிரண்டு புள்ளி மைனஸில் தொடங்கி, மூன்றாம் டிவிஷன் வரை இறங்கினார்கள். இப்படிப்பட்ட கிளப்பின் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் எந்த அதிகாரியும் லைசென்ஸ் கொடுக்க யோசிப்பார்.

ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் வராத ஒரு சொத்து அங்கே இருந்தது. சாம் பர்ஜஸ், டாம் பர்ஜஸ், ஜார்ஜ் பர்ஜஸ், எலியட் வைட்ஹெட், ஜான் பேட்மேன்... எல்லோரும் பிராட்ஃபோர்டு சட்டையில் சீனியர் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள். பிறகு எல்லோரும் ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கிலும் போய் ஆடினார்கள். 2014ல் சிட்னியில் நடந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் தொடங்கிய உடனேயே கன்ன எலும்பு உடைந்தும் கடைசி வரை நின்று ஆடி, ஆட்ட நாயகன் பதக்கம் வாங்கியவர் சாம் பர்ஜஸ். வாங்கக் காசில்லாத ஊர் உருவாக்கிய ஆட்கள் இவர்கள். எத்தனை நல்ல டீமிலும் "நான் வளர்த்த பையன்" என்று பிராட்ஃபோர்டு விரல் நீட்டிக் காட்ட முடிந்தது.

காசில்ஃபோர்டு கதை வேறு மாதிரி. அரை லட்சம் பேர் கூட இல்லாத ஊர். சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்கள் 1980களில் வரிசையாக மூடப்பட்டன. சுரங்கம் போன பிறகு அந்த ஊரின் பெயரை வெளியுலகம் கேட்பது பெரும்பாலும் ரக்பி லீக்கால்தான். டேரில் கிளார்க் அந்த ஊர்ப் பையன். 2014ல் சூப்பர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை, அதாவது மேன் ஆஃப் ஸ்டீலை, காசில்ஃபோர்டு சட்டையில் வாங்கினார். அடுத்த வருடமே வாரிங்டனுக்குப் போய்விட்டார். வளர்த்தது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர் என்ற வருத்தம் சின்ன கிளப்களுக்குப் புதிதல்ல. வளர்க்கவே கூடாது என்றது மட்டும்தான் புதிது.

ஹல் இன்னும் விசேஷம். ஊருக்கு நடுவே ஹல் ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே ஹல் கேஆர், மேற்கே ஹல் எஃப்சி. எந்தக் கரையில் பிறந்தாய் என்பதுதான் எந்த டீம் என்பதையும் முடிவு செய்யும். நடுவில் கொஞ்ச காலம் இரண்டு கிளப்பும் சேர்ந்து ஒரே அகாடமி நடத்திப் பார்த்தன. பிறகு தனித்தனியாக விண்ணப்பித்தபோது மேற்குக்குக் கிடைத்தது, கிழக்குக்கு இல்லை. கிழக்குக் கரைப் பையன் இனி பாலம் தாண்டிப் போய் எதிரி சட்டையைப் போட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தோன்றும். பதினைந்து வயதில் அதுதான் விஷயம்.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. கிளப்கள், ரசிகர்கள், உள்ளூர் அரசியல்வாதிகள் எல்லோரும் குரல் கொடுத்தார்கள். அதே 2021லேயே நிர்வாகம் இறங்கி வந்து, மூன்று கிளப்புக்கும் தற்காலிக அடிப்படையில் அனுமதி கொடுத்தது. சுபம்?

அதற்கப்புறம் நடந்ததையும் பாருங்கள். லைசென்ஸ் கிடைத்த நியூகாசில் தண்டர், 2023 சீசன் முடிந்ததும் பணமில்லாமல் லீக்கை விட்டே விலகுவதாக அறிவித்தது. பிறகு 2024ல் மூன்றாம் டிவிஷனில் மீண்டும் வந்தது. லைசென்ஸ் மறுக்கப்பட்ட ஹல் கேஆர், 2025ல் சேலஞ்ச் கப், லீக் முதலிடம், கிராண்ட் ஃபைனல் மூன்றையும் ஒரே வருடத்தில் தூக்கியது. அந்த டீமின் மைக்கி லூயிஸ் ஹல்லிலேயே பிறந்தவர், 2019ல் அந்த கிளப்புக்காகவே முதல் ஆட்டம் ஆடியவர், 2024ன் மேன் ஆஃப் ஸ்டீல். பிராட்ஃபோர்டு, பதினொரு வருடம் வெளியே இருந்துவிட்டு, 2026ல் சூப்பர் லீக்குக்குத் திரும்பிவிட்டது.

"பார்த்தீர்களா, நிர்வாகம் தோற்றது" என்று கை தட்டத் தோன்றும். ஆனால் அது சரியான பாடம் இல்லை. ஹல் கேஆர் டீமில் வெளியிலிருந்து வாங்கி வந்தவர்களும் நிறைய. கோப்பை அகாடமியால் மட்டும் வந்ததல்ல. இந்தக் கதை காட்டுவது வேறு ஒன்றை. ஒரு கிளப் ஆறு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று ஒரு விண்ணப்பத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. நல்ல நிலையில் இருப்பது கவிழும், கவிழ்ந்தது எழும். கம்பெனிகளுக்கு இது சகஜம். ஆனால் பையனுக்கு பதினாறு வயது ஒரே முறைதான் வரும்.

தப்பு அங்கேதான் நடந்தது. பரிசோதிக்கப்பட்டது கிளப். தண்டனை போக இருந்தது பையனுக்கு. கிளப் விண்ணப்பத்தில் எத்தனை மார்க் வாங்கியது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் செய்த தப்பு, தவறான அஞ்சல் குறியீட்டில் பிறந்தது மட்டும்தான். அகாடமிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அவசியம் என்றே வைத்துக்கொண்டாலும், ஏற்கனவே உள்ளே இருக்கும் பையன்கள் முடித்து வெளியேறும் வரை நேரம் கொடுக்கலாம். முதலில் குறையைச் சொல்லி, திருத்த வாய்ப்பு கொடுக்கலாம். தற்காலிக அனுமதி என்று கடைசியில் கொடுத்தார்களே, அதையே முதலில் கொடுத்திருக்கலாம்!

இன்னொரு பக்கம், 2026 முதல் சூப்பர் லீக் கிளப்கள் வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை ஏழிலிருந்து பத்தாக உயர்ந்திருக்கிறது. "பை" பக்கம் கதவு அகலமாகத் திறக்கிறது. அந்த நேரத்தில் "மேக்" பக்கக் கதவைச் சாத்தினால், உள்ளூர்ப் பையனுக்கு எந்த வழி மிச்சம்?

2022ல் தொடங்கிய லைசென்ஸ் காலம் 2027ல் முடிகிறது. மறுபடி விண்ணப்பம், மறுபடி மார்க், மறுபடி யாரோ ஒருவருக்கு "இல்லை". 2021ல் பதினைந்து வயதாக இருந்த அந்தக் கற்பனைப் பையனுக்கு இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. இன்று பதினாலு, பதினைந்து வயதில் இன்னொருவன் அதே மழையில் ஓடிக்கொண்டிருப்பான். அடுத்த முறை மார்க் போடுகிறவர்கள் பாலன்ஸ் ஷீட்டைப் புரட்டும் முன் ஒரு சாயங்காலம் அந்த மைதானத்துக்குப் போய் நின்று பார்த்தால் நல்லது.

மேக் ஆர் பை கணக்கில் பாகத்துக்கு வாய் கிடையாது. அதனால் யாரும் அதனிடம் கேட்பதில்லை. இங்கே பாகம் என்பது ஒரு பையன். நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன முடிவு எடுப்பீர்கள்?