கடலுக்குப் பட்டா உண்டா?

"டீச்சர், ஓராங் அஸ்லி என்றால் காட்டுக்குள்ளே இருப்பவர்கள்தானே?" என்று என் வகுப்புப் பையன் கேட்டான். பெரியவர்களே அப்படித்தானே நினைக்கிறோம்!

ஜொகூர் நீரிணையில் வாழும் ஓராங் செலெத்தார் மக்கள் கடலோடிகள். முன்பு படகுதான் அவர்களுக்கு வீடு. அதிலேயே சமைத்து, பிள்ளைகளை வளர்த்து, பாக்காவ் காடுகளில் நண்டும் மீனும் பிடித்துப் பிழைத்தார்கள். அக்கரைச் சிங்கப்பூரும் அவர்களுக்கு அந்நியமில்லை.

கரையைத் தூர்த்துக் கட்டடங்கள் எழுந்தன, பாக்காவ் மரங்கள் போயின, மீனும் குறைந்தது. ஆகவே பலர் கூப்பாங் எனும் பச்சைச் சிப்பியை வளர்க்கிறார்கள். மிதவையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டால் சிப்பிக் குஞ்சுகள் அதில் ஒட்டி வளரும். தீனிச் செலவில்லை, கடல்நீரை வடிகட்டியே அது உண்ணும். தண்ணீர் கெட்டால் அந்த நஞ்சும் அதற்குள்ளேதான்!

1954ஆம் ஆண்டின் ஓராங் அஸ்லி சட்டம் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. 2002இல் சகோங் தாசி வழக்கில், தெமுவான் மக்களுக்கு மூதாதையர் நிலத்தில் உரிமை உண்டென்று ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லதுதான். ஆனால் கயிறு கட்டிய தண்ணீருக்கு யார் பட்டா எழுதுவார்கள்?

தோட்டங்கள் கைமாறியபோது, மூன்று தலைமுறையாக இருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லி, "கையில் என்ன தாள் இருக்கிறது?" என்று கேட்டார்களே, நமக்குத் தெரியாத வேதனையா இது? நம்மவர்களாவது பட்டணத்துத் தொழிற்சாலைகளில் வேலை தேடிக்கொண்டார்கள். சிப்பிக் கயிறோ பல மாதம் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும். நடுவில் அகற்றச் சொன்னால் அந்தப் போகமே போயிற்று.