நண்பர் கண்ட நிழற்படம்

சலனப்படம் என்றவுடன் கதையும் பாட்டும் கொட்டகைக் கூட்டமுமே நினைவிற்கு வருவன. இவையொன்றுமின்றி, நண்பர்தம் விடுமுறைக் களிப்பை நண்பரே கண்டு மகிழும்பொருட்டுப் பிடித்த படங்களும் உள. அவற்றுள் ஒன்றைக் குறித்து எழுதப் புகுந்தோம்.

அமெரிக்காவிற் பிறந்து பாரிஸிற் குடியேறிய மான் ரே என்பார் ஓவியர். புகைப்படக் கலையிலும் வல்லவர். பழைய வழியிற் செல்ல ஒருப்படாதவர். 1923-ஆம் ஆண்டில், பிலிம் சுருளின்மேல் உப்பையும் குண்டூசிகளையும் தூவி, அதன்மீது ஒளியைப் பாய்ச்சி, காமிராவே இன்றிப் படத்தின் சில பகுதிகளை ஆக்கினார். 1929-இல், பிரெஞ்சு நாட்டின் தென்கோடியிலுள்ள இயேர் என்னும் ஊரில், நோவாய் பிரபுவின் மாளிகைக்கு வந்த விருந்தினரையே நடிகராக்கி ஒரு படம் எடுத்தார். அவர்தம் முகங்களையோ பட்டுக் காலுறைகளால் மறைத்துவிட்டார்! விருந்துக்கு வந்தோர் இதற்கும் இசைந்தனர் என்பது எமக்கு வியப்பே.

எட்டாண்டு கழித்து அம்முகத்திரை நீங்கிற்று. 1937-ஆம் ஆண்டுக் கோடையில், ஆன்டீப் நகரை அடுத்த லா கரூப் கடற்கரையில் அவர் பிடித்த படம், அவ்விடத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஒலியற்றது, கதையற்றது. பிக்காசோவும், கவிஞர் போல் எலுவாரும், அவர் மனைவி நூஷும், ஆங்கில ஓவியர் ரோலண்ட் பென்ரோஸும் அக்கோடையில் உடனிருந்தோர். அவ்வாண்டு ஏப்ரல் 26-இல் ஸ்பெயின் நாட்டுக் கெர்னிக்கா நகர் குண்டுவீச்சால் அழிந்தது. அவ்வழிவைப் பிக்காசோ பெருஞ்சித்திரமாக எழுதி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அச்சித்திரத்தை அறிந்தார்க்கு இக்கடற்கரை வெயில் வெறும் வெயிலாகத் தோன்றாது.

இதனைக் கலையன்று என்பாரும் உளர். காமிரா உடையார் எவரும் இவ்வாறு எடுக்கலாமே என்பர். எடுக்கலாந்தான், அதனாலன்றோ இஃது எம் உள்ளத்தைக் கவர்கின்றது!

இப்படத்தைக் காண்போர் பிக்காசோவையே தேடுவர். யாம் தேடுவது ஆடி பிடெலன் என்னும் இளம்பெண்ணை. குவாதலூப்பிற் பிறந்த நடனமாது. மான் ரேயின் காதலி. அமெரிக்காவின் பெரிய நாகரிகப் பத்திரிகையொன்றிற் படம் வெளிவரப்பெற்ற முதற் கறுப்பின மாடல் இவரே என்பர்; அதுவும் அதே 1937-இல். ஆயினும் நெடுங்காலம் நூல்களிற் பிறர் பெயர்கள் முழுமையாய் நிற்க, இவர் ‘ஆடி’ என்ற அளவிலேயே நின்றுவிட்டார். காமிரா அவ்வேற்றுமையை அறிந்திலது. பிக்காசோவின்மேல் விழுந்த வெயிலே இவர்மேலும் விழுகின்றது.

1940-இல் ஜெர்மானியர் பாரிஸிற் புகவே, மான் ரே அமெரிக்கா சென்றார். ஆடி உடன் சென்றிலர். பாரிஸிலேயே தங்கி, அவர் விட்டுச்சென்ற கலைப்பொருள்களைக் காத்துவந்தார். 2004-ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.